சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை ஓடுகிறது. நான் நலம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? கட்டிலை மாற்றச் சொன்னேனே, மாற்றினீர்களா, அல்லது வழக்கம்போல அம்மா சொன்னதுதானே என்று விட்டுவிட்டீர்களா?

இந்தக் கடிதத்தோடு ஒரு சிடி வருகிறது. பாட்டு இல்லை. அப்பா பேசியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு மேலே படி.

அவருக்கு நாலைந்து மாதமாகக் குரல் கம்மியிருந்தது. பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் மைக்கில் கத்தியவருக்குத் தொண்டை கட்டுவது ஒரு விஷயமா என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு காட்டியதில், குரல்வளையில் ஒரு கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமாம். அதற்குப் பிறகு பேச்சு எப்படி இருக்கும் என்று டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், நல்ல பெண், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். அவள் அப்பாவிடம், "இப்ப இருக்கிற குரலை எதுலயாவது பேசிப் பதிஞ்சு வெச்சுக்குங்க சார், பிள்ளைங்க பின்னாடி சந்தோஷப்படுவாங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும்.  வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினார்.

எந்தப் பெட்டி என்று கேட்பாய். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தார் கொடுத்த சிடி ரெக்கார்டர். மாலையைக் கழற்றி வைத்த கையோடு அதன் மேல் ஒரு துணியைப் போட்டவர், இத்தனை நாள் பிரிக்கவே இல்லை. ஒருமுறை கேட்டதற்கு, "வீட்டுல யாருக்கு அறிவிப்பு பண்றது?" என்றார். இப்போது அது முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கையேட்டைக் கடைசிப் பக்கத்து முகவரி வரைக்கும் படித்துவிட்டார்.

அந்த மெஷினில் பதிவதற்கு இரண்டு வழி. ஒன்று, பட்டனை நாமே அழுத்தி, ஓட விட்டுப் பேசுவது. இன்னொன்று, அதைத் தயாராக வைத்துவிட்டால் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டால் அது தானே விழித்துப் பதிய ஆரம்பிக்கும், விளக்கும் சிமிட்டுவதை விட்டு நின்று எரியும். சத்தம் நின்று சற்று நேரமானால் தானே தூங்கிவிடும், விளக்கு மறுபடி சிமிட்டும். உன் அப்பாவுக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அவர் அறிவிப்பு அறையிலும் அப்படித்தான் ஒரு சிவப்பு விளக்கு. அது நின்று எரிந்தால் தாளில் உள்ளதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அங்கே உட்கார்ந்த பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது.

முதலில் ஒரு சிடி பாழாயிற்று. இவர் மெஷினைத் தயாராக வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த நேரத்தில் மாடி வீட்டு டீச்சர் சுவரில் துளை போட ஆரம்பித்தார். மெஷின் விழித்துக்கொண்டு அதைப் பதிந்து தள்ளிவிட்டது. இந்த வகை சிடியில் ஒரு தடவை பதிந்தால் பதிந்ததுதான், அழிக்க முடியாது. டீச்சர் வீட்டு அலமாரி மாட்டிய வரலாறு தேவையென்றால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

இரண்டாவது சிடி உனக்கு. என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. பதியும்போது என்னை அறையில் இருக்க விடுவதில்லை. "வெளியாளுங்க உள்ள இருக்கக் கூடாது" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து வெளியாள் ஆனேன்.

வீட்டு நம்பரைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை என்று நீ எழுதியிருந்தாய். அன்றைக்கு நீ கல்யாணச் செய்தி சொன்னபோது அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் ரிசீவரை வைத்தது இன்னும் உன் காதில் இருக்கிறது போலும். அதனால்தான் நானும் கடிதமாகவே எழுதுகிறேன். சிடியைக் கேட்டுவிட்டு இரண்டு வரி எழுது. அவர் கேட்க மாட்டார். ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலைப் பெருக்குகிறார்.

நலம் பெருகட்டும்.
அம்மா

---

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. சிடியைப் போட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று உன் வீட்டுப் பாட்டுப் பெட்டி சொல்கிறது, மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரும் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தூக்கிவாரிப் போடவில்லை. "இன்னும் முடிக்கலையே" என்றார், முடி வெட்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

விஷயம் இதுதான். பதிந்த பிறகு பைனலைஸ் என்று ஒரு பட்டனை அழுத்தி சிடியை முடித்து வைக்க வேண்டுமாம். அதுவரை அது இந்த மெஷினில் மட்டும்தான் பாடும், வெளியே எங்கே போட்டாலும் வாயைத் திறக்காது. முடித்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் பாடும், ஆனால் அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. இது தெரிந்தே அவர் முடிக்காமல் அனுப்பியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "இன்னும் சொல்ல வேண்டியது இருக்கும்" என்றார். சரி, சொல்ல வேண்டியது இருக்கட்டும், சிடியை அங்கே அனுப்பிவிட்டு இங்கேயிருந்து எப்படிச் சேர்ப்பதாக உத்தேசம் என்று கேட்டேன். மெஷின் மேலிருந்த தூசியைத் துடைக்கப் போய்விட்டார். புத்திசாலிகளை வைத்துக் குடித்தனம் நடத்துவது சுலபமில்லை.

எப்படியோ, புதிதாக ஒன்று பேசிப் பதிந்து, நான் பக்கத்தில் நின்று அந்தப் பட்டனை அழுத்த வைத்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அழுத்தும்போது அவர் விரல் பட்டன் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. மெஷின் "முடிக்கவா?" என்று இன்னொரு தடவை கேட்கும். அதற்கும் ஒரு தடவை அழுத்த வேண்டும். அதை நான் அழுத்தினேன்.

இப்போது மற்ற விஷயம். போன கடிதத்தில் பூசி மெழுகி எழுதினேன். இனிமேல் அப்படி எழுதிப் பயனில்லை. குரல்வளையை முழுசாக எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் குரல் கிடையாது. கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவார். ஏதோ கருவியைத் தொண்டையில் வைத்துப் பேசப் பழக்குவார்களாம். அது குரல் மாதிரி இருக்காது என்று அந்தப் பயிற்சிப் பெண்ணே சொல்லிவிட்டாள். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை என்கிறார்கள், அதை நம்புகிறேன். தேதி அடுத்த மாதம் கடைசித் திங்கட்கிழமை.

நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். சலவைக் கடையில் முதலாளியம்மா, "வீட்டுல இருங்களேன்" என்றார். வீட்டில் இருந்தால் கதவுக்கு வெளியே நிற்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. கவுண்டரில் நின்றால் நாலு கோட்டுக்கு ரசீதாவது போடலாம். அங்கே வருகிறவர்களில் சிலருக்கு இன்னும் அவர் குரல் ஞாபகம் இருக்கிறது. ஒருத்தர், "அந்தக் குரல் கேட்டாத்தான் பஸ் கிளம்பும்னு நெனச்சுக்குவேன்மா சின்ன வயசுல" என்றார்.  சட்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. தேதியை எழுதியிருக்கிறேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அம்மா

---

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை கோபம் குறைந்திருந்தது, அதனால் இப்போது பதில் எழுதுகிறேன்.

சிடி நன்றாகப் பாடியது என்று முதல் வரியில் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். பிறகு எழுதியிருக்கிறாய்: துண்டு துண்டாக இருக்கிறது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண், ஒவ்வொன்றிலும் இரண்டு வாக்கியம், அவ்வளவுதான், அதுவும் பேருந்து வரும் நேரம் சொல்வதுபோல. "மொத்தத்தையும் கேட்டேன் அம்மா. ஒரு இடத்தில்கூட என்னைக் கூப்பிடவில்லை. யாருக்கோ அறிவிப்பு. எனக்கு இது வேண்டாம். இதற்காக நான் அங்கே வந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது."

முதலில் துண்டு விஷயம். அதில் அவர் தப்பு பாதி, மெஷின் தப்பு பாதி. உனக்குத் தெரியாதா அவர் பேசும் லட்சணம்? ஒரு வாக்கியம் சொல்வார், பிறகு அடுத்த வாக்கியம் தேவையா என்று யோசிப்பார். நமக்கெல்லாம் பழகிவிட்டது, காத்திருப்போம். மெஷின் நம் வீட்டில் வளரவில்லையே. இவர் நிறுத்திய உடனே ஆள் பேசி முடித்துவிட்டான் என்று அது தூங்கிவிடுகிறது. மறுபடி எழுப்பினால் புது எண்ணில் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது விஷயம். உனக்கு அனுப்பும் முன் மாடி வீட்டு டீச்சரின் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்த பிரதியை நானும் போட்டுக் கேட்டேன், அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது. நீ சொன்னது சரி. இல்லாததை இருக்கிறது என்று எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. "வணக்கம். பின்பக்க அறையின் ஜன்னல் கொக்கி மாற்றப்பட்டுள்ளது." "வணக்கம். சைக்கிளுக்கு எண்ணெய் விடப்பட்டுள்ளது, காற்றும் உள்ளது." "வணக்கம். அந்த அறையில் மழைத் தண்ணீர் இறங்கிய இடம் பூசப்பட்டுவிட்டது." இப்படியே போகிறது. உன் பெயர் இல்லை. மகளே என்றுகூட இல்லை.

ஆனால் பின்பக்க அறை யாருடைய அறை? அந்த சைக்கிள் யாருடையது? நானா ஓட்டுகிறேன்? கேட்கிற காது உனக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும். இப்படி எழுதினால் நான் அவர் கட்சி என்று சொல்வாய். நான் யார் கட்சியும் இல்லை. நீ போனதிலிருந்து அவர் உன்னைப் பற்றி என்னிடம் பேசினால் "உன் பொண்ணு" என்றுதான் சொல்கிறார். உன் பொண்ணுக்குக் கடிதம் போட்டியா, உன் பொண்ணு ஊரில் மழையாமே என்று. அவருக்கும் எனக்கும் பிறந்த பெண் என்பது மறந்துவிட்டதுபோல. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் வாயில் உன் நிஜப் பெயர் வந்ததே இல்லை. பட்டாணி, பட்டாணி என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவார். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டபோது நீயே பட்டாணி என்று சொல்லிவிட்டு வந்தாய். அந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போனது யார் என்று நான் பஞ்சாயத்து வைக்கப் போவதில்லை. நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாய். அவர் பேசாமல் ரிசீவரை வைத்தார். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், பேசும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சிடி தெளிவா இருந்துச்சாமா?" என்றார். தெளிவாக இருந்ததாம் என்றேன். தலையாட்டினார்.

குரல் இப்போது இன்னும் இறங்கிவிட்டது. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை, கை தட்டுகிறார். ஆனாலும் சாயங்காலம் நாலு மணி ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். உனக்கு வேண்டாம் என்று நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அம்மா

---

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று. கிடைத்த உடனே முழுவதும் படி. நடுவில் நிறுத்தி அடுப்பைப் பார்க்கப் போகாதே.

நேற்று சாயங்காலம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கை தட்டும் சத்தம். போனேன். மெஷின் விழிக்க மாட்டேன் என்கிறது, ஒலியளவைத் திருகிக் கூட்டு, நான் மைக்கைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சைகையிலும் பாதிக் குரலிலும் சொன்னார். கெட்டுப்போனது மெஷின் இல்லை. அதை எழுப்புகிற அளவுக்குக்கூட அவரிடம் சத்தம் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. 

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கை நீட்டித் திருகினேன். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் நிற்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோய், தலையைக் கொஞ்சம் சாய்த்து, "பட்டாணி" என்றார்.

விளக்கு நின்று எரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். "வணக்கம். மாடிப்படி விளக்கின் சுவிட்ச் இடது பக்கத்துக்கு மாற்றப்பட்டுள்ளது" என்றார். யோசித்தார். மெஷின் தூங்கியது. விளக்கு சிமிட்டியது. மறுபடி குனிந்து, "பட்டாணி". விளக்கு எரிந்தது. "வணக்கம்."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் எழுந்து போன பிறகு அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். "வணக்கம். மாடிப்படி விளக்கின்" என்றுதான் ஆரம்பிக்கிறது. முன்னால் ஒன்றும் இல்லை. நானே மைக்கை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று மட்டும் பதிந்திருந்தது. சத்தம் கேட்டு அது கண் விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. கையேட்டில் பார்த்தால் இதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான், தொடக்கத்தில் சிறிது விடுபடலாம் என்று. சிறிது.

உன்னிடம் இருக்கும் சிடியை எடுத்துப் பார். அதில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை தடவை அவர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்றுகூட உன் கைக்கு வரவில்லை.

அவரிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. மெஷினை எழுப்ப எதற்கு அந்தச் சொல் என்று. "மைக் டெஸ்ட்டு" என்றார். டெஸ்டுக்கு எல்லோரும் ஒன் டூ த்ரீ சொல்வார்களே என்றேன். "எனக்கு எப்பவும் அதுதான். ஆபீஸ்லயும் அதுதான்." எப்போதிலிருந்து என்றேன். "அவ பொறந்ததுலேருந்து" என்றார். கல்யாணத்துக்குப் பிறகுமா என்று கேட்டேன். தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். பிறகு, "லைட்டு எரியறதுக்கு முன்னாடி சொல்றது யாருக்கும் கேக்காதே" என்றார்.

யாருக்கும் கேட்காது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சொல்லியிருக்கிறார். நீ போன பிறகும், ஓய்வு பெறும் நாள் வரைக்கும், ஒவ்வொரு பேருந்தையும் அறிவிப்பதற்கு முன்னால் அந்த அறைக்குள் உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து என்னிடம் "உன் பொண்ணு" என்றிருக்கிறார். நான் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன். ஏற்கெனவே களைந்து வைத்த அரிசி என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உங்கள் இருவர் மேலும். அழுகை இன்று காலையில் கடையில் வந்தது, யாருடைய கம்பளிக்கோ ரசீது எழுதிக்கொண்டிருக்கும்போது.

பதிந்துவிடலாம் என்று முயற்சி செய்யாமல் இல்லை. இன்று நாலு மணிக்கு, மெஷின் தானே விழிக்கிற ஏற்பாட்டை எடுத்துவிட்டு, பட்டனை நானே அழுத்தி ஓட விட்டேன். இப்போது முதல் சொல்லும் பதியும். அவர் வந்து உட்கார்ந்தார், விளக்கு நின்று எரிவதைப் பார்த்தார், காலரைச் சரிசெய்தார், "வணக்கம்" என்றார். முதலில் ஒன்று சொல்வீர்களே, அதைச் சொல்லுங்கள் என்றேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அது டெஸ்ட்டுக்கு. இதான் ஓடுதே" என்றார். விளக்கு எரியும்போது அவருக்கு அது வராது. வரவழைக்கவும் என்னால் முடியாது.

பழைய டேப் ரெக்கார்டரை எங்கேயாவது ஒளித்து வைத்துப் பதிந்தால் என்ன என்று நீ கேட்கலாம். பதியலாம். நானும் யோசித்தேன். யோசித்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். பதிந்து அனுப்பினால் நீ அதைப் போட்டுப் போட்டுக் கேட்பாய். அழுவாய். நாளைக்கு அவர் இல்லாத காலத்திலும் கேட்பாய். ஆனால் அவர் கூப்பிட்டதற்கு நீ என்னப்பா என்று குரல் கொடுத்தது அவருக்கு எப்போது தெரியும்? கூப்பிடுகிறவருக்குப் பதில் வேண்டாமா? அவருக்குக் குரல்தான் போகிறது, காது நன்றாகவே இருக்கிறது.

அதனால் நான் செய்யப்போவது இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆபரேஷனுக்கு முதல் நாள், வழக்கம்போல நாலு மணிக்கு அவர் உட்காருவார். வெளிநாட்டில் உனக்கு அப்போது காலை நேரமாக இருக்கும். ஒலியளவைத் திருக என்னை உள்ளே விட வேண்டிய நிலை அவருக்கு வந்துவிட்டது, அது எனக்கு வசதி. போனின் வயர் நீளமானது, முன்னறை வரைக்கும் வரும். உன் நம்பரைச் சுற்றிவிட்டு ரிசீவரை அவருக்குப் பின்னால், மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வேன். மெஷினைத் தானே விழிக்கிற ஏற்பாட்டிலேயே வைத்திருப்பேன், விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். நீ எடுத்ததும் ஹலோ சொல்லாதே. மூச்சுக் காட்டாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, பின்னாலிருந்து யார் போனில் என்று கேட்கப் போகிறார். குரல் மிகவும் சன்னமாக இருக்கும், பயப்படாதே, காதை ஒட்டி வைத்துக்கொள்.

மெஷின் அந்தச் சொல்லை விட்டுவிடும். போன் விடாது.

அவர் அதைச் சொன்ன பிறகு விளக்கு எரியும், நிமிர்வார், காலரைத் தொடுவார். அவர் வணக்கம் சொல்வதற்கு முன்னால் உனக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அப்போது நீ "அப்பா" என்று சொல். உரக்கச் சொல், அந்த அறைக்கே கேட்கும்படி.

அதற்குமேல் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் போவார். என்மேல் பாய்ந்தாலும் பாய்வார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் பார்த்துக்கொள்ளவில்லையா? மறுநாள் காலையில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக டாக்ஸிக்குச் சொல்லியாகிவிட்டது. வர வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவரிடமும் வேண்டாம், யார் சரி யார் தப்பு என்பதும் வேண்டாம்.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை கண்ணே. ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும். வீட்டு நம்பராகத்தான் இருக்கும். எடு.

உன் அம்மா